கருவி மாற்றமும் கணினித் தமிழும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோட்டக் கிணறுகளில் ஒரு காலத்திலே துலாவே நீரிறைக்கும் கருவியாயிருந்தது. துலாவின்மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். மற்றொருவர் பட்டையைப் பிடித்து நீரைச் சரிப்பார். வேறொருவர் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறுவார். சென்ற நூற்றாண்டின் நடுக்கூற்றில் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. துலா மெல்ல மறைந்தது. ஆயினும் கிணறு அதே கிணறு. வாய்க்கால் அதே வாய்க்கால். புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் எப்பொழுது நீர் வேண்டும் என்னும் அறிவும் அதே அறிவு. கருவியை மாற்றிய உழவர் கிணற்றைத் தூர்த்துவிடவில்லை.

கணினி மென்பொருள் ஆக்குவோரும் காலத்துக்குக் காலம் தம் கருவிகளை மாற்ற வேண்டியவராகின்றனர். ஒரே மென்பொருளை விண்டோஸ், மக், லினக்ஸ் ஆகிய மூவகை இயங்குதளங்களிலும் இயங்கச் செய்ய விரும்புவோர்க்கு இத்தேவை இன்னும் மிகுதி. எதனை மாற்றுவது, எதனை மாறாமற் காப்பது என்னும் தெளிவு இல்லாவிடின் கருவி மாற்றம் கிணற்றைத் தூர்ப்பதாகவே முடியும். தமிழிலே மென்பொருள் ஆக்குவோர்க்கு இத்தெளிவு எவ்வளவு இன்றியமையாதது என்பதை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு தளத்தில் அடைபட்ட மென்பொருள்

மேசைக் கணினிக்கான மென்பொருள் எதுவாயினும் அதனை மூன்று கூறுகளாகப் பிரித்து நோக்கலாம். முதலாவது, அதன் உட்கரு. கணக்கு, விதி, ஒழுங்கு ஆகியன இங்கே உள்ளன. இரண்டாவது, அதன் முகப்பு; சாளரம், பொத்தான், பட்டியல் என நாம் கண்ணாற் காண்பன யாவும் இதன்பாற்படும். மூன்றாவது, இயங்குதளத்தோடு அது கொள்ளும் தொடர்பு. விசையழுத்தத்தை அறிதல், கோப்பைத் திறத்தல், அச்சுப்பொறிக்கு அனுப்புதல் முதலியன இதில் அடங்கும்.

முகப்பை ஆக்குவதற்கு நிரலாளர்க்கு உதவும் ஆயத்தப் பொருட்களின் தொகுப்பையே கருவித்தொகுதி என்கிறோம். ஒரே தளத்துக்கென ஆக்கப்பட்ட கருவித்தொகுதியைக் கொண்டு எழுதிய மென்பொருள் அத்தளத்திலேயே அடைபட்டுக் கிடக்கும். பாடசாலை ஆய்கூடத்தில் விண்டோஸ் இருக்கலாம். பழைய மடிக்கணினி ஒன்றை வைத்திருக்கும் மாணவன் விலையில்லாத லினக்ஸை நிறுவியிருக்கலாம். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ மெல்பேணிலோ வாழும் பழைய மாணவர் மக் கணினியைப் பயன்படுத்தலாம். இம்மூவரும் ஒரே பதிவேட்டைத் திறந்து படிக்க வேண்டுமாயின் பல்தள மென்பொருள் வேண்டும். கடல் கடந்து சிதறி வாழும் சமூகமொன்றுக்கு இஃது ஆடம்பரம் அன்று; தேவை.

கலப்பையின் வரலாறு

தமிழுலகிற் கருவி மாற்றத்துக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு எ-கலப்பை என்னும் விசைப்பலகை மென்பொருள். முகுந்தராஜ் முதலிய தன்னார்வலர் 'தமிழா' என்னும் குழுவாகக் கூடி இதனை ஆக்கி இலவசமாக வழங்கினர். ஆங்கில விசைப்பலகையிலே தமிழைத் தட்டெழுத உதவிய இக்கலப்பையைக் கொண்டே இணையத் தமிழின் தொடக்க காலத்தில் எழுத்தாளர் பலர் தம் வயலை உழுதனர்.

எ-கலப்பையின் முதலிரு பதிப்புகளும் கீமன் என்னும் மென்பொருளைத் தளமாகக் கொண்டிருந்தன. அவுஸ்திரேலியரான மார்க் டேர்டின் 1993 ஆம் ஆண்டு லாவோ மொழிக்காகத் தொடங்கியதே கீமன். அது பல மொழிகளுக்கும் பயன்பட்டதாயினும் அக்காலத்தில் உரிமை காக்கப்பட்ட வணிகப் பொருளாயிருந்தது. தன்னார்வலரின் இலவசப் படைப்பொன்று பிறர் உரிமையுடைய அடித்தளத்தின்மேல் நிற்பதில் உள்ள இடர் வெளிப்படை. அடித்தளத்தின் மூலநிரலைப் பார்க்க இயலாது. பிழை கண்டாலும் திருத்த இயலாது. ஆகவே மூன்றாம் பதிப்பு சீ பிளஸ் பிளஸ் மொழியிலே, கியூற் என்னும் பல்தளக் கருவித்தொகுதியைக் கொண்டு, திறந்த மூலநிரலாகப் புதிதாய் எழுதப்பட்டது.

இங்கே மாணவர் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. கியூற் மூன்று தளங்களிலும் இயங்க வல்லது. எனினும் அதனைக் கொண்டு எழுதிய எ-கலப்பை விண்டோசுக்கு உரியதாகவே அமைந்தது. காரணம் யாது? விசைப்பலகை மென்பொருளின் உயிர்நிலை அதன் சாளரம் அன்று. வேறொரு மென்பொருளிலே ஒருவர் விசையை அழுத்தும்போது, அவ்வழுத்தத்தை இடைமறித்துத் தமிழெழுத்தாக மாற்றிக் கொடுப்பதே அதன் தொழில். இடைமறிக்கும் வழி விண்டோசில் ஒன்று, மக்கில் வேறு, லினக்சில் பிறிதொன்று. எந்தக் கருவித்தொகுதியும் இவ்வேறுபாட்டை முற்றாக நீக்கித் தருவதில்லை. பல்தளக் கருவியை எடுத்தாண்ட அளவிலே மென்பொருளும் பல்தள மென்பொருள் ஆகிவிடும் எனக் கொள்வது தவறு என்பது இதனாற் பெறப்படும்.

லினக்ஸ் உலகினர் வேறொரு வழியை மேற்கொண்டனர். யப்பானிய அரச ஆய்வு நிறுவனமொன்றிற் பிறந்த 'எம்17என்' என்னும் நூலகம், எந்த விசைக்கு எந்த எழுத்து என்னும் அட்டவணையைச் சாதாரண எழுத்துக் கோப்பாகவே வைத்துக்கொள்கிறது. தமிழ்99 அமைப்பும் இலங்கையில் வழங்கும் ரெங்கநாதன் அமைப்பும் அதிலே அட்டவணைகளாக உள்ளன. அவ்வட்டவணைகளை ஐபஸ் முதலிய உள்ளீட்டு முறைமைகள் எடுத்தாளுகின்றன. இயங்கும் நிரல் மாறினும் அட்டவணை மாற வேண்டியதில்லை.

கீமனின் பிற்கால வரலாறும் இதனையே உணர்த்தும். எஸ்.ஐ.எல். நிறுவனம் 2015 ஆம் ஆண்டு அதனை ஏற்று, 2017 ஆம் ஆண்டு மூலநிரலைத் திறந்துவிட்டது. விண்டோசில் மாத்திரம் வழங்கிய கீமன் இன்று மக், லினக்ஸ், கைத்தொலைபேசி ஆகியவற்றிலும் இயங்குகிறது. விசை விதிகளை ஆராயும் பகுதி பொதுவான உட்கருவாகச் சீ பிளஸ் பிளஸில் எழுதப்பட்டுள்ளது. தளத்தோடு தொடர்பு கொள்ளும் பகுதி அந்தந்தத் தளத்துக்கேற்பத் தனித்தனியே எழுதப்பட்டுள்ளது. எல்லாவற்றையும் ஒரே கருவியாற் செய்ய முயலாது, பொதுவானதைப் பொதுவாகவும் தனியானதைத் தனியாகவும் வைத்தமையே அதன் வெற்றிக்குக் காரணம்.

தமிழெழுத்து வைக்கும் சோதனை

பிறமொழி நூல்கள் கருவி மாற்றத்தைப் பற்றிக் கூறும்போது வேகம், அழகு, விலை என்பவற்றையே பெரிதும் பேசும். தமிழர்க்கோ அவற்றுக்கு முன்னதாக ஒரு வினா உண்டு. இக்கருவி தமிழைச் சரியாகக் கையாளுமா என்பதே அது.

1998 ஆம் ஆண்டு வெளிவந்த விசுவல் பேசிக் 6 ஆவது பதிப்பை எடுத்துக்கொள்வோம். எளிதிற் கற்கத்தக்கதாயிருந்தமையால் அது பெருவழக்குப் பெற்றது. அதன் உள்ளே சொற்கள் ஒருங்குறியிலேயே வைக்கப்பட்டன. ஆனால் அதன் வழக்கமான சாளர உறுப்புகள், காட்டும்போது அவற்றை எட்டு இருமிக் குறிமுறையொன்றுக்கு மாற்றியே காட்டின. விண்டோசிலே தமிழுக்கென அத்தகைய எட்டு இருமிக் குறிமுறை கிடையாது. ஆகவே தமிழ் எழுத்து நிற்க வேண்டிய இடத்திலே வினாக்குறிகள் வரிசையாய் நின்றன.

இவ்விடரைத் தாண்ட ஒரு குறுக்கு வழி இருந்தது. பாமினி முதலிய எழுத்துருக்களிலே ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் வடிவங்கள் அமர்த்தப்பட்டிருந்தன. பாமினியில் 'யாழ்ப்பாணம்' என்று தட்டெழுதினால் கணினியில் உண்மையாகப் பதிவன ஏ, எச், ஓ, அரைப்புள்ளி, ஜீ, அரைப்புள்ளி, ஜீ, எச், இசெட், கே, அரைப்புள்ளி என்னும் பதினொரு ஆங்கிலக் குறிகளே. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலக் குப்பை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே அப்பதிவைத் திறந்தால் பொருளற்ற எழுத்துக் குவியலே தோன்றும்.

விசுவல் பேசிக் 6 இன் ஆக்கச் சூழலுக்கு மைக்கிரோசொவ்ற் நிறுவனம் வழங்கிய ஆதரவு 2008 ஆம் ஆண்டு முடிவுற்றது. அத்தகைய கருவியையும் எழுத்துருவையும் சேர்த்து நம்பிய பதிவேடுகள் கருவியோடு உடன்கட்டை ஏறும் நிலையை அடைந்தன. ஈயவெழுத்துக் கோத்து அச்சிட்ட பழைய கல்லூரி மலரை அறுபது ஆண்டுகளின் பின்னும் எடுத்துப் படிக்கலாம். இருபது ஆண்டுகளுக்கு முன் கணினியிற் பதிந்த பெயர்ப்பட்டியலைப் படிக்க முடியாமற்போகலாம். இதனினும் இரங்கத்தக்கது வேறென்ன?

ஒருங்குறிக்கு வந்த பின்னும் கவனிக்க வேண்டியன சில உள. மாணவர் தாமே செய்து பார்க்கத்தக்க நான்கு சோதனைகளை இங்கே தருகிறோம்.

முதலாவது, நீளம். 'யாழ்ப்பாணம்' என்னும் சொல்லில் நம் இலக்கணப்படி யா, ழ், ப், பா, ண, ம் என எழுத்து ஆறு. ஒருங்குறியில் அரவும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாதலின் குறிகள் பதினொன்று. யூ.ரீ.எவ்-8 முறையிற் சேமிக்கும்போது பைற்றுகள் 33. இச்சொல்லின் நீளம் யாது எனக் கேட்டால், சீ பிளஸ் பிளஸின் சாதாரணச் சரம் யூ.ரீ.எவ்-8 பதிவுக்கு 33 என்னும். பைதனும் கியூற்றின் சரமும் 11 என்னும். சுவிவ்ற் மொழி 6 என்னும். பெயருக்கு இருபது இடம் என வரையறுத்த படிவமொன்று, கருவி மாறியதும் பெயரை நடுவே வெட்டிவிடக்கூடும் என்பதை இதனால் உணரலாம்.

இரண்டாவது, அகரவரிசை. அரியாலை, அளவெட்டி, அனலைதீவு என்பதே தமிழ் நெடுங்கணக்கின்படியான ஒழுங்கு. ஒருங்குறியிலே னகரம் நகரத்தை அடுத்து வைக்கப்பட்டுள்ளமையால், வெறும் குறியெண்ணைக் கொண்டு வரிசைப்படுத்தும் கருவி அனலைதீவு, அரியாலை, அளவெட்டி என்று தரும். மொழிக்குரிய வரிசை விதிகளைக் கொண்ட நூலகம் ஒன்றைச் சேர்த்தாலன்றி இப்பிழை நீங்காது.

மூன்றாவது, ஒன்றுபோற் தோன்றும் இரண்டு. 'கொழும்பு' என்பதன் முதலெழுத்தைக் ககரத்தின் பின் ஒகரக் குறி ஒன்றாகவும் பதியலாம். கொம்பும் அரவுமாகிய இரு குறிகளாகவும் பதியலாம். காட்சியில் வேறுபாடில்லை, ஒப்பிடும் நிரலுக்கோ இரண்டும் வெவ்வேறு. ஒரு தளத்திற் பதிந்த பெயரை மற்றொரு தளத்திலே தேடிக் காணாது திகைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மக் கணினிகளின் பழைய கோப்பு முறைமை கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவிலேயே வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. சேமிக்கும் முன் யாவற்றையும் ஒரே வடிவுக்கு இயல்பாக்கிக் கொள்ளல் வேண்டும்.

நான்காவது, வடிவம். 'கெ' என்பதிலே கொம்பு ககரத்தின் பின்னே சேமிக்கப்பட்டு முன்னே காட்டப்படுகிறது. இவ்விட மாற்றத்தைச் செய்வது எழுத்துவடிவப் பொறியின் கடமை. பயர்பொக்ஸ், லிப்ரே ஒபிஸ் முதலியவற்றில் ஹார்வ்பஸ் என்னும் திறந்த மூலநிரற்பொறி இப்பணியைச் செய்கிறது. தேர்ந்தெடுக்கும் கருவித்தொகுதி மூன்று தளங்களிலும் இதனைச் செவ்வனே செய்கிறதா என்பதை முதல் நாளிலேயே சோதிக்க வேண்டும்.

பிறநாட்டார் கண்ட பாடம்

லினக்ஸின் கருவை ஆக்கிய லீனஸ் தோர்வால்ட்ஸ், நீர்மூழ்குவோர் தம் மூழ்கற் குறிப்புகளை வைத்திருப்பதற்கென 2011 ஆம் ஆண்டு சப்சேர்பேஸ் என்னும் மென்பொருளைத் தொடங்கினார். முதலில் அது சீ மொழியிலும் ஜீ.ரீ.கே. கருவித்தொகுதியிலும் எழுதப்பட்டது. பின்னர் குழுவினர் கருவித்தொகுதியை மாற்றி, 2013 ஆம் ஆண்டு திசெம்பரிலே கியூற்றை அடிப்படையாகக் கொண்ட 4.0 பதிப்பை வெளியிட்டனர். அவர்கள் யாவற்றையும் எறிந்துவிட்டுத் தொடங்கவில்லை. ஆழம், அமுக்கம், காலம் ஆகியவற்றைக் கணிக்கும் சீ நிரல்களை அவ்வாறே வைத்துக்கொண்டு, முகப்பை மாத்திரமே மாற்றினர்.

இதற்கு மாறானது நெற்ஸ்கேப் நிறுவனத்தின் கதை. 1997 இல் நான்காம் பதிப்பை வெளியிட்ட அவ்வுலாவி நிறுவனம், பின்னர் உட்கருவையும் முகப்பையும் புதிதாய் எழுத முற்பட்டது. ஐந்தாம் பதிப்பு வெளிவரவே இல்லை. ஆறாம் பதிப்பு 2000 ஆம் ஆண்டு நவம்பரிலேதான் வந்தது. அதற்கிடையிற் பயன்படுத்துவோர் பெரும்பாலார் மைக்கிரோசொவ்ற்றின் உலாவிக்குப் போய்விட்டனர். அம்முயற்சியின் மூலநிரலே பிற்காலத்திற் பயர்பொக்ஸாக மலர்ந்தது உண்மை. ஆயினும் அதற்கு இறுத்த விலை பெரிது.

எக்கருவியைத் தேர்வது?

கியூற், நோர்வே நாட்டார் இருவரால் 1991 இல் தொடங்கப்பட்டு 1995 இல் வெளியிடப்பட்டது. 2009 ஆம் ஆண்டு முதல் எல்.ஜீ.பீ.எல். உரிமத்தின் கீழும் கிடைப்பதால், உரிம விதிகளைப் பேணுவோர் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். பைதன் மொழி அறிந்த மாணவர் பைசைட் என்னும் இணைப்பின் வழியாக அதனை ஆளலாம்.

கிட்ஹப் நிறுவனத்திற் பிறந்த எலெக்ரோன், இணையப் பக்கம் ஆக்கும் அறிவைக் கொண்டே மேசை மென்பொருள் ஆக்க உதவுகிறது. முழு உலாவி ஒன்றையே அது தன்னுடன் சுமந்து வருவதால் மூன்று தளங்களிலும் ஏறத்தாழ ஒரே தோற்றம் கிடைக்கும். ஆனால் சிறு குறிப்பேடு ஒன்றுகூட நூறு மெகாபைற்றுக்கு மேல் இடம் கொள்வது வழக்கம். நினைவகத்தையும் மிகுதியாக உண்ணும். இயந்திரத்தால் அளவிறந்து நீரிறைத்த கிணறுகளில் உவர்நீர் ஏறிய அனுபவம் எம்மூரார்க்குப் புதிதன்று. எளிதாகக் கிடைக்கும் வலிமைக்கும் ஒரு விலை உண்டு. பழைய கணினி வைத்திருக்கும் மாணவனே அதனை இறுப்பான்.

2022 ஆம் ஆண்டு 1.0 பதிப்பாய் வெளிவந்த ரோரி, உலாவியைச் சுமவாது, கணினியில் ஏற்கெனவே உள்ள உலாவிப் பொறியையே பயன்படுத்துகிறது. மென்பொருள் சிறிதாகும், ஆனால் பொறி தளத்துக்குத் தளம் வேறுபடுதலின், தமிழ் வடிவத்தை மூன்று இடத்திலும் தனித்தனியே சோதிக்க வேண்டும். மைக்கிரோசொவ்ற்றின் மௌயி லினக்ஸ் மேசைக் கணினியை ஆதரிப்பதில்லை. எல்லார்க்கும் எக்காலத்தும் ஏற்ற கருவி ஒன்று இல்லை. யார் பயன்படுத்துவர், அவர் கணினி எத்தகையது, பத்தாண்டுகளின் பின் இதனைப் பேணுவோர் யாவர் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்டபின்னரே தேர்தல் வேண்டும்.

மாற்றும் முறை

விசுவல் பேசிக் 6 இலும் பாமினி எழுத்துருவிலும் அமைந்த நூலகப் பதிவேடு ஒன்றைப் பல்தள மென்பொருளாக மாற்ற வேண்டியுள்ளது எனக் கொள்வோம். செய்யத்தக்கன பின்வருமாறு:

1. தரவை முதலில் மீட்க. நிரலில் ஒரு வரியும் எழுதுமுன், பதிவுகள் யாவற்றையும் சாதாரண எழுத்துக் கோப்பாக வெளியே எடுத்து ஒருங்குறிக்கு மாற்றுதல் வேண்டும். பாமினியில் எழுத்துகள் கண்ணுக்குத் தோன்றும் ஒழுங்கிலே பதிவதால், கொம்பு முன்னும் மெய் பின்னுமாக இருக்கும்; மாற்றும் நிரல் அவற்றை இடம் மாற்ற வேண்டும். பதிவினிடையே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருப்பின் அவையும் தமிழாக மாறிப் பொருள் கெடும். ஆகையால் மனிதர் ஒருவர் கண்ணால் ஒப்புநோக்குதல் தவிர்க்கவொண்ணாதது. மூலப்பிரதியை அழிக்கலாகாது.

2. விதிகளை முகப்பிலிருந்து பிரிக்க. ஒருவர் எத்தனை நூல் எடுக்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பன பொத்தானுக்குரிய நிரலுக்குள்ளே புதைந்திருத்தல் கூடாது. அவற்றைத் தனிக் கூறாக்கி, ஒவ்வொரு விதிக்கும் ஒரு சோதனை எழுதுக.

3. ஒரு சாளரத்தை மாத்திரம் முதலில் ஆக்குக. அதனை மூன்று தளங்களிலும் இயக்கி, மேற்கூறிய நான்கு சோதனைகளையும் செய்க. தேறாத கருவியை இக்கட்டத்திலே கைவிடுதல் எளிது. ஓராண்டின் பின் அரிது.

4. பழையதை உடனே நிறுத்தற்க. புதியது ஒரு தவணைக் காலமேனும் பழையதனுடன் ஒத்த விடை தந்த பின்னரே பழையதற்கு ஓய்வு கொடுக்கலாம்.

5. செய்தவற்றைத் தமிழில் எழுதி வைக்க. ஆக்கிய மாணவன் பல்கலைக்கழகம் போவான். பின்னர் கடல் கடந்தும் போவான். அவன் விட்டுச்சென்ற நிரலை அடுத்த வகுப்பான் விளங்கிக்கொள்ள வழி வேண்டும்.

முடிவுரை

இன்று நாம் போற்றும் கருவிகளும் ஒருநாள் பழையனவாகும். அதனை எண்ணி வருந்துதல் வேண்டா. கருவி எதுவாயினும் தரவு பொதுத் தரத்தில் இருக்குமாயின், விதிகள் தனிக் கூறாக இருக்குமாயின், விளக்கம் தமிழில் இருக்குமாயின், அடுத்த தலைமுறை தன் காலத்துக் கருவியைக் கொண்டு அவற்றை எளிதில் எடுத்தாளும். குடாநாட்டின் நூல்களும் ஆவணங்களும் அழிந்த வரலாற்றை நாம் அறிவோம். எஞ்சியவற்றைத் திரட்டி 2005 ஆம் ஆண்டு முதல் நூலகம் என்னும் எண்ணிம நூலகம் காத்துவருவதையும் அறிவோம். தீயும் போரும் கொண்டுபோனவை போதும். கவனக்குறைவும் தன் பங்கைக் கொண்டுபோக விடலாமா?

ஆகவே மாணவர்காள், விடுமுறையில் ஒரு வேலையை மேற்கொள்ளுங்கள். உங்கள் ஊரின் சனசமூக நிலையத்திலோ கோயிலிலோ வாசிகசாலையிலோ பழைய எழுத்துருவில் அடைபட்டுக் கிடக்கும் பதிவேடு ஒன்றைத் தேடிப் பொறுப்பாளரின் இசைவோடு ஒருங்குறிக்கு மாற்றுங்கள். பழைய மாணவர்களே, உங்களிற் பலர் இத்துறையில் உலகின் பல பாகங்களிலும் தொழில் புரிகின்றீர்கள். அம்மாணவர் எழுதும் நிரலை வாசித்துக் குறை கூறித் திருத்த ஆண்டுக்குச் சில மணி நேரம் ஒதுக்குங்கள். கல்லூரிக்கு நீங்கள் செய்யும் கட்டடத் தொண்டுக்கு இத்தொண்டு எவ்வகையிலும் குறைந்ததன்று.